கால்பந்து கேலரிகள் ஏன் நிரம்புவதில்லை? திண்டுக்கல்லிலிருந்து ஒரு கணக்கு

சென்னையில் நடக்கும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க திண்டுக்கல்காரர் ஒருவர் ஆசைப்பட்டால், அவருடைய செலவுக் கணக்கில் டிக்கெட் கடைசியாகத்தான் வரும். காலை ஏழரை மணி வாக்கில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் எழும்பூரில் இறங்கலாம். பெரியமேட்டு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அங்கிருந்து பக்கம்தான். ஆனால் ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்குத் தொடங்கும்; முடிய ஒன்பதரை ஆகிவிடும். தெற்கே போகும் இரவு ரயில்களைப் பிடிக்க ஓட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். பேருந்தில் திரும்பலாம் என்றால், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துக்காக நகரத்தைக் கடந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஊர் வந்து சேர மறுநாள் விடிந்துவிடும். ஒரு நாள் வேலை முழுசாகப் போயிருக்கும். அடுத்த நாளிலும் பாதி போய்விடும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். போக வர ரயில், நகருக்குள் பயணம், இரண்டு வேளைச் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், டிக்கெட்டை இலவசமாகவே கொடுத்தாலும் அந்த ஆட்டம் மலிவானதாகாது. தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து போவது என்றால் பெரும்பாலான குடும்பங்களில் அந்தப் பேச்சே எழாது.

கால்பந்து டிக்கெட் விலை உயர்வு பற்றியும் காலி இருக்கைகள் பற்றியும் உலகம் முழுவதும் இப்போது விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தைச் சென்னையிலோ லண்டனிலோ நின்று பார்த்தால் டிக்கெட்டில் அச்சடித்த விலைதான் முதலில் கண்ணில் படும். திண்டுக்கல்லில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். ஓர் ஆட்டத்துக்காக ரசிகர் கொடுக்கும் முழு விலையில் டிக்கெட் ஒரு பகுதி மட்டுமே. தூரம், நேரம், திரும்பும் வழி, ஆடுகிறவர்கள் நம் ஆட்கள் என்ற உணர்வு, எல்லாமே அந்த விலையில் அடங்கும். இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போடாத எந்த நிர்வாகமும் கேலரியை நிரப்ப முடியாது. இந்தியக் கால்பந்தின் கடந்த பத்தாண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

விலையைச் சந்தையிடம் விட்டபோது

முதலில் பணக்காரச் சந்தைகளைப் பார்த்துவிடலாம். 2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் ஃபிஃபா நடத்திய கிளப் உலகக் கோப்பைக்கு, தேவை கூடினால் விலை ஏறி, குறைந்தால் இறங்கும் முறையில் டிக்கெட் விற்றார்கள். நியூ ஜெர்சியில் நடந்த செல்சி, ஃப்ளூமினென்சே அரையிறுதிக்கு 473.90 டாலராக இருந்த சாதாரண டிக்கெட், ஆட்டம் நெருங்கியபோது 13.40 டாலருக்கு வந்தது. அதே தொடரில் அட்லாண்டாவின் ஏறக்குறைய 71,000 இருக்கை கொண்ட அரங்கில் செல்சி, லாஸ் ஏஞ்சலிஸ் அணிகள் மோதியபோது வந்தவர்கள் 22,137 பேர். ஆர்லாண்டோவில் தென்கொரியாவின் உல்சான் அணியும் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ் அணியும் ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 3,412 பேர் மட்டும்.

முன்கூட்டியே பெரிய விலை கொடுத்து வாங்கியவர், பக்கத்து இருக்கைக்காரர் பதிமூன்று டாலருக்கு வந்திருப்பதைப் பார்த்தால் அடுத்த முறை முன்கூட்டி வாங்கமாட்டார். விலை இறங்கும்வரை காத்திருப்பார். காத்திருப்பவர்களில் பலர் கடைசியில் வராமலே போவார்கள். சந்தை தானே சரியான விலையைக் கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கையில் இந்த ஓட்டை இருக்கிறது. விமான இருக்கைக்கு இந்த முறை பொருந்தும். பயணம் போயே ஆக வேண்டியவர் எப்படியும் வாங்குவார். கால்பந்தோ பழக்கத்தால் வளர்வது. பழக்கம் ஒருமுறை அறுந்தால், விலையைக் குறைப்பதால் மட்டும் அது திரும்ப ஒட்டாது.

2026 உலகக் கோப்பைக்கான டிக்கெட் விற்பனையிலும் இதே வழியில்தான் போனார்கள். போட்டியை நடத்தும் உரிமை கேட்டு முன்பு சமர்ப்பித்த ஆவணத்தில், மிகக் குறைந்த டிக்கெட் 21 டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2025 டிசம்பரில் ரசிகர் சங்கங்களுக்கான ஒதுக்கீட்டு விலைகள் வெளிவந்தபோது, இறுதியாட்டத்தின் உயர்ந்த வகை டிக்கெட் 8,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஐரோப்பிய ரசிகர்களின் கூட்டமைப்பு கொதித்தெழுந்த பிறகு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறைந்த எண்ணிக்கையில் 60 டாலர் டிக்கெட்டுகளை ஃபிஃபா அறிவித்தது. அதன் மறுவிற்பனைத் தளத்தில் வாங்குகிறவரிடம் 15 சதவீதம், விற்கிறவரிடம் 15 சதவீதம் எனக் கட்டணமும் பிடித்தார்கள்.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. 1989இல் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த டெய்லர் நீதிபதி, 1990 ஜனவரியில் தந்த இறுதி அறிக்கையில் எல்லாப் பார்வையாளருக்கும் இருக்கை வேண்டும் என்றார். அதைக் காரணம் காட்டி விலையை ஏற்றிவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது; 6 பவுண்டுக்கு இருக்கை தர முடிந்த ஓர் அரங்கை அவர் எடுத்துக்காட்டினார். இருக்கை வந்தது. விலை அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் 77ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என முன்னிலையில் இருந்த லிவர்பூல் கடைசியில் 2-2 என டிரா செய்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த பருவத்திலிருந்து, வெளியூர் அணியின் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று பிரீமியர் லீக் வரம்பு வைத்தது.

இங்கிலாந்தில் விலை ஏறியும் அரங்கம் நிரம்புகிறது. காரணம் அங்கே நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. பாட்டன் போன கேலரிக்குப் பேரன் போகிறான். அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் கிளப்புகள் செலவழிக்கின்றன. ஜெர்மனி அந்தச் சேமிப்பைக் காக்கிறது. உறுப்பினர்களின் கையில் பாதிக்கு மேல் வாக்குரிமை இருக்க வேண்டும் என்ற விதி அங்கே 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. டார்ட்மண்ட் அரங்கின் தெற்குக் கேலரியில் 24,454 பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கலாம். அந்த இடத்தில் நாற்காலி போட்டு விலையைக் கூட்டினால் கூடுதல் வருமானம் வரும் என்பது கிளப்புக்குத் தெரியாததல்ல. அந்தக் கேலரியின் சத்தம்தான் தங்கள் பெரிய சொத்து என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவின் கணக்கு தலைகீழ்

இந்தியாவில் டிக்கெட் மலிவு. ஆனாலும் கேலரி காலி. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா, சீன தைபே அணியை 5-0 என வென்றது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். அதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி கைகூப்பி, எங்களைத் திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் காணொளி ஒன்றை வெளியிட்டார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிராக அவர் தம் நூறாவது ஆட்டத்தில் இறங்கியபோது, கொட்டும் மழையிலும் சிறிய அந்தேரி அரங்கம் நிறைந்திருந்தது. மூன்று நாளில் டிக்கெட் விலை மாறிவிடவில்லை. வரவேண்டிய காரணம் ஒன்று மக்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்தியர்கள் கால்பந்துக்குக் கூடமாட்டார்கள், காசு கொடுக்கமாட்டார்கள் என்ற பேச்சும் நிற்காது. 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்தார்கள். 2017இல் இங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை மொத்தம் 13,47,133 பேர் பார்த்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே சாதனை. அப்போது தொடக்கக் கட்ட டிக்கெட்டுகள் ஐம்பது ரூபாய்க்கும் கீழே கிடைத்தன. 2025 டிசம்பர் 13 அன்று மெஸ்ஸியைப் பார்க்க அதே சால்ட் லேக்குக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வந்தவர்கள், பிரமுகர் கூட்டம் அவரை மறைத்துக்கொண்டதாலும் அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டதாலும் ஆத்திரப்பட்டு நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தார்கள். ஏற்பாட்டாளர் கைதானார். ஆசையும் பணமும் இங்கே இருக்கின்றன. வாரா வாரம் நடக்கும் ஆட்டத்தோடு அவற்றை இணைக்கும் பாலம்தான் இல்லை.

சென்னையின் அனுபவத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோது எலானோ, மட்டராஸி போன்ற வெளிநாட்டு நட்சத்திரங்களும் புதுமையும் கூட்டத்தை இழுத்தன. முதல் இரண்டு பருவங்களில் லீக்கின் சராசரிக் கூட்டம் 25,000ஐ ஒட்டி இருந்தது. 2018-19இல் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இந்தக் காலத்தில் லீக்கின் சென்னை அணியான சென்னையின் எஃப்.சி. தோற்றுக்கொண்டிருக்கவில்லை. 2015இலும் 2017-18இலும் கோப்பை வென்றது. வெற்றி மட்டும் கூட்டத்தைத் தக்கவைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2015இல் பெருவெள்ளத்தால் சென்னையின் அரையிறுதி ஆட்டமே புனேவுக்குப் போனது. கொரோனாவால் 2020-21, 2021-22 பருவங்கள் முழுக்கக் கோவாவில், பெரும்பாலும் மூடிய அரங்குகளில் நடந்தன. இரண்டு ஆண்டுகள் சொந்த ஊரில் ஆட்டமே இல்லாத அணியை எந்தப் பழக்கம் காப்பாற்றும்?

வருமானக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு பருவத்தில் பத்து உள்ளூர் ஆட்டம், ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர், ஆளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் இரண்டு கோடி ரூபாய். லீக் ஒரு கட்டத்தில் வீரர்களின் சம்பளத்துக்கு மட்டும் வைத்திருந்த உச்சவரம்பு 16.5 கோடி ரூபாய். அரங்க வாடகை, பயணம், பயிற்சியாளர், இளையோர் அணி எல்லாம் தனி. டிக்கெட்டை இரட்டிப்பாக்கினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. கூட்டம் குறைந்தால் ஆழம்தான் கூடும். இந்தியக் கிளப்பைத் தாங்க வேண்டியது விளம்பரதாரரும் தொலைக்காட்சியும். அவர்கள் விலை பேசுவது நிறைந்த கேலரியின் படத்துக்குத்தான். காலி நாற்காலிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர், முக்கியமில்லாத ஏதோ ஒன்று நடக்கிறது என்று முடிவு செய்து சேனலை மாற்றிவிடுவார். ஆகவே இந்திய நிலைமையில் டிக்கெட் விலையை வருமானத்துக்காக நிர்ணயிப்பதே தவறு. கூட்டத்துக்காக நிர்ணயிக்க வேண்டும்.

காலி கேலரிகளின் விளைவை நாடே பார்த்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 2010இல் ஒரு தனியார் நிறுவனத்திடம் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்படைத்திருந்தது. கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் வந்துகொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், லீக் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் புதிய ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. நிபந்தனைகள், நீதிமன்ற வழக்குகள், நிர்வாகக் குழப்பம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வாரா வாரம் கேலரி நிறைந்த ஒரு லீக்கை வாங்க யாருமே வராமல் இருந்திருப்பார்களா என்பதை நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

கூட்டம் கூடிய இடங்கள்

கூட்டம் கூடிய இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் கோவை நேரு மைதானத்தைத்தான் தன் வீடாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, அந்தப் பருவத்தின் ஐ-லீக் என்ற தேசிய லீக் பட்டத்தை அங்கேயே வென்றது. 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியின் பெயரைக் கோவைப் பிள்ளைகள் உச்சரித்தார்கள். பெருநகரத்துக்கு வெளியே தமிழ்நாட்டில் தேசியத் தரக் கால்பந்துக்கு ரசிகர்கள் உண்டு என்பதை அந்தப் பருவம் நிரூபித்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் அதன் 26 சதவீதப் பங்கை வாங்கும் அளவுக்கு அது கவனம் ஈர்த்தது. சில ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு நேர்ந்த பேரிழப்பு.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் 2022 ஏப்ரல், மே மாதங்களில் சந்தோஷ் கோப்பை நடந்தது. பெரிய நட்சத்திரங்கள் இல்லாத, மாநில அணிகளின் போட்டி அது. நோன்பு மாதம் என்பதால் கேரள அணியின் ஆட்டங்களை இரவு எட்டு மணிக்கு வைத்தார்கள். நோன்பு திறந்து, சாப்பிட்டு, தொழுதுவிட்டு மக்கள் வந்தார்கள். மே 2 அன்று மேற்கு வங்கத்தைப் பெனால்டியில் கேரளம் வென்ற இறுதியாட்டத்தைக் காண 25,000க்கு மேல் கூடினார்கள். ஊரின் வாழ்க்கை ஓடும் நேரத்துக்கேற்ப ஆட்டத்தை வைத்ததுதான் அங்கே நடந்த முக்கியமான காரியம். சூப்பர் லீக்கில் பெரும்பாலும் தொலைக்காட்சி நேரத்துக்கேற்ப ஆட்டத்தை வைத்துவிட்டு, ஊரை அதற்கேற்ப மாறச் சொல்கிறார்கள்.

மலபாரின் செவன்ஸ் கால்பந்து இதைவிடப் பழைய பாடம். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ மூங்கிலும் பாக்கு மரமும் கட்டித் தற்காலிகக் கேலரி எழும்பும். எழுவர் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் டிக்கெட் வாங்கி ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வீரர்கள் வந்து பருவம் முழுக்கத் தங்கி ஆடுவதுண்டு. வசூலில் ஒரு பங்கு ஊர்ச் சங்கத்துக்கோ நோயாளிகளுக்கான உதவி நிதிக்கோ போகும் இடங்கள் உண்டு. கொடுக்கும் காசு எங்கே போகிறது என்பது கொடுக்கிறவருக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்தான ஒரு பக்கமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் வண்டூர் அருகே பூங்கோட்டில் தற்காலிகக் கேலரி சரிந்து இருநூறு பேர் வரை காயமடைந்தார்கள். மலிவான டிக்கெட் என்றால் மலிவான பாதுகாப்பு என்று ஆகிவிடக் கூடாது. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா, இந்த ஊர்ப்பற்றையும் நிரந்தர அரங்கையும் சேர்க்கும் முயற்சி. அதன் முதல் இறுதியாட்டத்தில் காலிகட் எஃப்.சி. பட்டம் வென்றபோது கோழிக்கோடு அரங்கம் நிறைந்திருந்தது.

நத்தம் காட்டும் வழி

திண்டுக்கல்லுக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அது கிரிக்கெட்டில் இருக்கிறது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, சென்னை சேப்பாக்கத்தோடு நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தையும் திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தையும் களமாக்கினார்கள். திண்டுக்கல் டிராகன்ஸ் என்ற பெயரில் ஓர் அணி உருவானது. மலையடிவாரத்துக் கல்லூரி மைதானம் ஒன்றில், தொலைக்காட்சியில் மட்டும் பார்த்திருந்த வீரர்களைச் சுற்றுவட்டார மக்கள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார்கள். 2024இல் அஸ்வின் தலைமையில் டிராகன்ஸ் பட்டம் வென்றது. 2025 ஜூலை 6 அன்று இறுதியாட்டமே நத்தத்தில் நடந்தது. திருப்பூர் அணியிடம் டிராகன்ஸ் தோற்றாலும், மாநில அளவிலான ஒரு லீக்கின் இறுதியாட்டம் சேப்பாக்கத்தில்தான் நடக்க வேண்டும் என்ற விதி இல்லை என்பது அன்று மீண்டும் உறுதியானது.

கால்பந்துக்கு இப்படி ஒரு நத்தம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கால்பந்து இந்தத் திண்டுக்கல் சமவெளிக்குப் புதிதல்ல. மிஷன் பள்ளிகளின் மைதானங்கள் வழியாகத்தான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பந்து உருளத் தொடங்கியது. இன்றும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மின்னொளியில் நினைவுச் சுழற்கோப்பை ஆட்டங்கள் நடக்கின்றன. முதல் பரிசு ரொக்கத்தை ஒருவர் கொடுப்பார், கோப்பையை இன்னொருவர் வாங்கித் தருவார், பந்தல் செலவை மூன்றாமவர் ஏற்பார். பார்க்கிறவரிடம் காசு வாங்குவதில்லை. ஊரே நடத்துகிற ஆட்டத்துக்கு ஊரே பார்வையாளர்.

இந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இந்தியச் சாம்பியன்கள் உருவானதும் நடந்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வாங்கியது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியச் சாம்பியன்ஷிப்பை 2018இல் கட்டாக்கிலும் 2023இல் அமிர்தசரஸிலும் வென்றது. பெண்கள் லீக் 2023-24 பருவத்தில்தான் உள்ளூர், வெளியூர் என்று ஆடும் முறைக்கு மாறியது. அதுவரை ஏதாவது ஒரு நகரத்தில் எல்லா அணிகளையும் கூட்டி ஆட்டங்களை முடித்துவிடுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஓர் இந்தியச் சாம்பியன் அணி இருந்தது. அந்தப் பட்டத்தை வென்ற பருவத்தில் அதன் ஒரு லீக் ஆட்டத்தைக்கூட இங்குள்ள பெண்பிள்ளைகள் சொந்த மண்ணில் பார்க்க முடியவில்லை. டிக்கெட் எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழவில்லை. விற்க ஆட்டமே இல்லை.

என்ன செய்யலாம்

முதலாவது, இடம். நாற்பதாயிரம் இருக்கையில் எட்டாயிரம் பேர் உட்கார்ந்தால் அது தோல்வியாகத் தெரியும். எட்டாயிரம் இருக்கையில் அதே எட்டாயிரம் பேர் உட்கார்ந்தால் திருவிழா. தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம் என்று தமிழ்நாடு அரசு தலா மூன்று கோடி ரூபாயில் திட்டம் வகுத்திருக்கிறது. அவற்றில் சிலவற்றிலும் மாவட்ட அரங்கங்களிலும் பாதுகாப்பான கேலரியும் மின்விளக்கும் தரமான புல்தரையும் வந்தால் மாநில லீக் ஆட்டங்களை நடத்தலாம். சென்னையின் எஃப்.சி. போன்ற அணி ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தையாவது, அது பயிற்சி ஆட்டமாக இருந்தாலும் சரி, தென் மாவட்டத்தில் ஆட வேண்டும்.

இரண்டாவது, விலை. சினிமா டிக்கெட்டுக்கு இந்த மாநிலத்தில் அரசின் உச்சவரம்பு உண்டு. 2017இல் மல்டிபிளெக்ஸுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எளியவரின் பொழுதுபோக்கு கைமீறிப் போகக் கூடாது என்பதே அதன் நியாயம். பொதுப்பணத்தில் கட்டிய அரங்கில் நடக்கும் விளையாட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அரசு அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும் எந்தப் போட்டியும் மொத்த இருக்கையில் பாதியையாவது நூறு ரூபாய்க்குள் விற்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். வரியும் இதற்குத் தடையில்லை. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளில் 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது.

அப்படியானால் முழுக்க இலவசமாகவே விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். ஊர்த் திருவிழா ஆட்டத்துக்கு அது சரி. லீக்குக்குச் சரியாகாது. இலவசப் பாஸ் வாங்கியவர் மழை தூறினால் வரமாட்டார். அவர் வராத நல்ல இருக்கை காலியாகக் கிடக்க, காசு கொடுத்தவர் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் அந்த ஆட்டத்தைத் தன்னுடையதாக நினைப்பார். கழிப்பறை சரியில்லை என்றால் கேட்கவும் செய்வார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் உள்ளூர்க் கால்பந்துச் சங்க வீரர்களுக்கும் மட்டும் இலவசம் போதும்.

மூன்றாவது, நேரமும் வழியும். திண்டுக்கல்லில் ஆட்டம் என்றால், ஒட்டன்சத்திரத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் வருகிறவர் கடைசிப் பேருந்தில் வீடு திரும்ப முடிய வேண்டும். சனி, ஞாயிறு மாலை ஐந்து மணி ஆட்டமே இங்கே பொருந்தும். ஆட்டம் முடிந்ததும் நான்கு திசைக்கும் சிறப்புப் பேருந்து விட்டால், டிக்கெட்டில் ஐம்பது ரூபாய் குறைப்பதைவிட அது கூடுதல் கூட்டத்தைக் கொண்டுவரும். பெண்களுக்கு வெளிச்சமும் கழிப்பறையும் தனிப் பகுதியும் இல்லாத அரங்கம், ஊரின் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

நான்காவது, சொந்தம். ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் முன்னால் உள்ளூர்ப் பள்ளி அணிகள், ஆண்களும் பெண்களும், அதே புல்தரையில் அரை மணி நேரம் ஆடட்டும். ஒரு பிள்ளை ஆடினால் அதன் வீடும் தெருவும் வரும். கன்னியாகுமரிக் கடற்கரையில் பங்குத் தந்தையரும் மீனவ ஊர்ச் சங்கங்களும் வளர்த்த மைதானங்களிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் இந்திய அணிவரை போனார்கள். சென்னை வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் போனார். அவர்களை உருவாக்கியது தெருவின் கண்காணிப்பும் கைதட்டலும். திண்டுக்கல்லின் பிள்ளைகளுக்கும் அந்தக் கைதட்டல் வேண்டும்.

டிக்கெட் விலையைக் குறைப்பது அவசியம். அது மட்டும் போதாது. 420 கிலோமீட்டர் தள்ளி ஆட்டத்தை வைத்துக்கொண்டு ரசிகர் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கிளப் உரிமையாளர்களும் சேர்ந்து அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு முடிவு எடுக்கட்டும்: தென் மாவட்டத்தின் ஏதாவது ஓர் ஊரில், நூறு ரூபாய்க்குள், மாலை ஐந்து மணிக்கு, வீடு திரும்பப் பேருந்தோடு ஒரு தொடரை நடத்திப் பார்க்கட்டும். கேலரியை நிரப்புவது எங்கள் பொறுப்பு என்று சொல்ல இந்தச் சமவெளியின் கால்பந்துச் சங்கங்களும் பள்ளிகளும் முன்வர வேண்டும்.